இறக்கத்துக்கு ஒரு எஞ்சின்

வாகனம் வாங்குமுன் பார்த்துச் சொல்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நல்லது. சம்பளம் பரவாயில்லை, நன்றியை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வாங்காதே என்று சொன்னால் அந்த நிமிடமே திட்டுவார்கள். வாங்கு என்று சொல்லி, மூன்று வருடம் கழித்து மழைத் துடைப்பான் உடைந்தாலும் உங்களைத்தான் திட்டுவார்கள். நான் இந்தத் திட்டுகளிலேயே தலை நரைத்து ஓய்வுக்கு வந்தவள். ஹம்பேர்க்கின் தெற்குப் பக்கத்துப் பட்டறையில், அமெரிக்கப் பெரிய பிக்கப் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு, நான் வந்து நின்றதும், எனக்குப் பின்னால் ஆம்பிளை யாராவது வருகிறானா என்று எட்டிப் பார்ப்பார்கள்.

எஞ்சினைப் பற்றி நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. வாங்க வருகிற மனிதர்களைப் பற்றிச் சொல்கிறேன், அதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்க மாட்டார்கள்.

முழு அளவு பிக்கப் வேண்டும் என்று வருகிற நம்மவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பிக்கப்பே தேவையில்லை. அதற்குப் பக்கத்தில் நின்று எடுத்த ஒரு படம்தான் தேவை. எட்டுச் சிலிண்டர் எஞ்சின், இடுப்புயரச் சில்லு, முகப்பு முழுக்கக் குரோம். இவ்வளவையும் வாங்கி, பெரிய ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடைக்குப் போய் ஒரு மூட்டை அரிசியும் இரண்டு கட்டு முருங்கைக்காயும் வாங்கி வருவார்கள். அந்த மூட்டையைப் பின்தட்டில் வைக்கவும் மனம் வராது, கீறல் விழுந்துவிடுமாம். பின் சீட்டில் இருத்திப் பெல்ட் போட்டுக் கொண்டுவருவார்கள். வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் மனைவியை மட்டும் இறக்கிவிட்டு, கடையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

புதிதா பழையதா என்று கேட்பார்கள். புதிதென்றால் கப்பலில் வந்து, இங்கத்தைய சட்டத்துக்கு விளக்கு மாற்றி, பத்திரம் எடுத்து முடிய மாதக்கணக்காகும். வந்த பிறகும் முதல் வருடம் முழுக்க அந்தப் புது வாசனைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். பழையதென்றால் முன்பு வைத்திருந்தவனின் குணத்தையும் சேர்த்து வாங்குகிறீர்கள். இரண்டில் எது நல்லது என்று என்னைக் கேட்டால், எதை இழுக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் வராது. "எட்டுச் சிலிண்டர் அக்கா, சத்தத்தைக் கேட்டுப் பாருங்கோ" என்பார்கள். சத்தத்தில் கயிறு கட்டி எதை இழுக்கிறது?

இன்னொரு கூட்டம் வரியைப் பார்த்து வாங்கும். கல்யாணங்களுக்குக் கதிரை மேசை வாடகைக்கு விடுகிற ஒருவர் இருந்தார். பத்திரத்தில் கார் என்று பதிந்தால் வரி கூட, லொறி என்று பதிந்தால் குறைவு என்று யாரோ சொல்ல, லொறி என்று பதிந்த பிக்கப்பாகவே தேடி வாங்கினார். என்னைக் கேட்கவில்லை, அவ்வளவு கெட்டித்தனம் உள்ளவருக்கு நான் எதற்கு? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னால் அன்ஹெங்கர் என்று இங்கே சொல்கிற இழுவைப் பெட்டியைக் கொழுவி, அது நிறையக் கதிரை ஏற்றிப் புறப்பட்டார். இந்த நாட்டில் லொறி என்று பதிந்த வண்டி, அன்ஹெங்கர் கொழுவி, வியாபாரத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஓடக்கூடாது. பொலிஸ் மறித்து, இரவு பத்து மணிவரை ஓரமாக நில் என்று சொல்லிவிட்டது. நம்முடைய கல்யாணங்கள் எந்தக் கிழமையில் நடக்கின்றன? அன்றைக்கு மண்டபத்தில் சனம் நின்றுகொண்டே தாலிகட்டுப் பார்த்தது. வரியில் மிச்சம் பிடித்தவர் மோட்டர்பாதை ஓரத்தில் இருநூறு கதிரையோடு தனியாக இருந்தார்.

இனித் தவராசாவின் கதைக்கு வருகிறேன். உண்மையில் அதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன்.

தவராசாவும் அவருடைய மனைவி வதனியும் கல்யாண மண்டபங்களில் மணவறை போடுகிறவர்கள். தூண்கள், வளைவுகள், பலகை மேடை, இரண்டு பக்கமும் தும்பிக்கை தூக்கி நிற்கிற ஃபைபர் யானைகள், எல்லாம் இரட்டை அச்சு அன்ஹெங்கர் ஒன்றில் ஏறும். ஏற்றினால் மூன்று தொன் வரும். ஹம்பேர்க்கிலிருந்து ஸ்டுட்கார்ட், அதற்கும் அப்பால் சுவிஸ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள். அவர்களுடைய பழைய வான் படுத்துவிட்டது. மாசி கழிந்துகொண்டிருந்தது, சித்திரை பிறந்ததும் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் முதல் கல்யாணம். ஆகவே இவர்கள் பிக்கப் கேட்டு வந்தது எடுப்புக் காட்ட அல்ல, இழுக்க உண்மையாகவே ஒரு சாமான் இருந்தது. அதனால்தான் நான் எழும்பிக் கதிரை கொடுத்தேன். கதிரை கொடுத்தது பிழை என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

"யோகம் அக்கா, வண்டியை நான் தெரிஞ்செடுத்திட்டன். நீங்கள் ஒருக்கா வந்து பார்த்து ஓம் எண்டு சொன்னால் காணும்."

"ஓம் எண்டு சொல்லுறதுக்கு நான் என்னத்துக்கு? கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு நீங்களே சொல்லலாமே."

அவர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார். கைபேசியில் படம் காட்டினார். கறுப்பு நிறம், பழையது, எட்டுச் சிலிண்டர் பெட்ரோல், குரோம் கண்ணைப் பறித்தது. பிரேமனுக்கு அப்பால் ஒரு விற்பனைக்காரனிடம் நிற்கிறதாம்.

"வியாழக்கிழமை பத்தரைக்குப் பாக்க வாறம் எண்டு டெர்மின் போட்டிருக்கிறன் அக்கா. அண்டைக்குப் பத்தரையிலை இருந்து பதினொண்டரை மட்டும் நல்ல நேரம். கடைக்காரனுக்கும் வடிவாச் சொல்லிப்போட்டன், பத்தரைக்கு டாண் எண்டு நிப்பம் எண்டு."

வதனி பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தாள்.

இதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்தப் பிழையை உலகத்திலே நம்முடைய சனம்தான் செய்யும். கல்யாண வீட்டுக்கு ஒரு நாளும் நேரத்துக்குப் போகாத நாங்கள், வாகனம் பார்க்க மட்டும் நல்ல நேரம் பிந்தாமல் போய் நிற்போம். அதை முதலிலேயே விற்கிறவனுக்கும் அறிவித்துவிடுவோம். சுகமில்லாத எஞ்சினை விற்க நினைக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு மணித்தியாலம் முன்பே அதை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பான். குளிர்ந்து கிடக்கிற எஞ்சின் முதல் தரம் எழும்பும்போதுதான் தன்னுடைய நோவைச் சொல்லும். சூடேறினால் இரும்பு விரிந்து இடைவெளிகள் மூடிக்கொள்ளும், எண்ணெயும் எல்லா இடமும் போய்ச் சேரும், பிறகு நீங்கள் காதை வைத்தால் என்ன மூக்கை வைத்தால் என்ன.

எனக்கு வேலை பழக்கிய மைஸ்டர் அதிகம் பேசாதவர். விற்கிறவன் கை கொடுக்க வந்தால், தன்னுடைய கையை முதலில் எஞ்சினை மூடியிருக்கிற பொனற்றின் மேல் வைப்பார். விற்கிறவனின் கை அந்தரத்தில் நிற்கும். பொனற் குளிராக இருந்தால் மட்டும் திரும்பி அவனுக்குக் கை கொடுப்பார். சூடென்றால் திரும்பிப் போகத் தன்னுடைய காருக்குள் ஏறிவிடுவார். ஏன் என்று யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை.

தவராசாவிடம் நேரத்தைச் சொல்லாமல் போவோம் என்று சொல்லிப் பார்த்தேன். "சொன்ன சொல்லு மாறக்கூடாது அக்கா" என்றார். சரி, போனோம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, ஒரு பையில் நாலு எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம். பார்க்கப் போகிற ஆளின் ஆயத்தமா இது? வாங்கி முடித்தவனின் ஆயத்தம். விற்பனைக்காரன் பல் முழுக்கத் தெரிய அவருக்கு நேராக வந்தான். நான் கறுப்பு வண்டிக்கு நேராகப் போய்ப் பொனற்றில் கை வைத்தேன். தோசை சுடலாம்.

ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்டேன். இப்போதுதான் கழுவிக் கொண்டுவந்து விட்டதாகச் சொன்னான். கழுவிய வண்டியின் கீழே நிலம் காய்ந்து கிடந்தது. நான் நிலத்தைப் பார்த்தேன், அவனும் பார்த்தான், பிறகு வண்டியின் திறப்பைத் தவராசாவின் கையில் கொடுத்துவிட்டான்.

அவர் ஏறி இருந்து, வண்டியை நகர்த்தாமலே மிதி மிதியென்று மிதித்தார். "கேட்டீங்களோ அக்கா!"

"கேட்டன். பிரேமன் முழுக்கக் கேட்டிருக்கும்."

வதனி பின் சீட்டில் ஏறி இருந்தாள். விற்பனைக்காரன் அவளை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அன்று அவளைச் சரியாகக் கவனிக்கவில்லை, என் கண் எஞ்சினில் இருந்தது.

சும்மா ஒரு சுற்று ஓடிவிட்டு வந்ததும் தவராசாவுக்கு அவசரம் பிடித்தது. "நேரம் போகுது அக்கா. ஓம் எண்டு சொல்லுங்கோ, கையெழுத்தை வைப்பம்." அந்த நேரம் பார்த்து விற்பனைக்காரனும், இரண்டு மணிக்கு வேறொருவர் வருகிறார், வண்டி நிற்காது என்றான். அந்த இரண்டு மணிக்காரனை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வேலை பழகின காலத்திலிருந்து எல்லா விற்பனைக்காரரிடமும் வந்துகொண்டிருக்கிறான். பாவம், இன்றுவரை ஒரு வாகனமும் வாங்கவில்லை.

இப்படி ஒரு இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? எஞ்சின் பிழை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பொனற் சூடு என்று சொன்னால் இவர் சிரிப்பார். கத்தினால் விற்பனைக்காரனுக்குத்தான் கொண்டாட்டம். பஞ்சாங்கத்தோடு மல்லுக்கு நின்றால் நான் கோயிலுக்கு எதிரி ஆகிவிடுவேன். ஆகவே நான் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"தவராசா, நல்ல நேரத்திலை தொடக்கம் செய்தாக் காணும்தானே? சந்தனத்தை எடுங்கோ, ஸ்டியரிங்கிலை ஒரு பொட்டு வையுங்கோ. தொடக்கம் முடிஞ்சுது. மிச்சத்தைச் சனிக்கிழமை விடிய வந்து பாப்பம்."

"சனிக்கிழமையோ! விசரே அக்கா? சனியிலை இரும்பு வாங்கக்கூடாது."

"ஆர் வாங்கச் சொன்னது? பாக்கக்கூடாது எண்டு பஞ்சாங்கத்திலை எழுதியிருக்கோ?"

அவர் யோசித்தார். எழுதியிருக்கவில்லை. நான் சனிக்கிழமையைத் தெரிந்தெடுத்ததே அதற்காகத்தான். அன்றைக்கு அவருக்கு எவ்வளவு ஆசை வந்தாலும் கையெழுத்து வைக்க ஏலாது. பொட்டு வைத்தார், ஏறி இருந்தார், படம் எடுத்தார், எடுத்த கையோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பிவிட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. கண்டறியாத படம்.

திரும்பி வரும்போது காரை வதனிதான் ஓடினாள். பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினோம். தவராசா வெளியே நின்று லண்டனுக்கும் கனடாவுக்கும் கதைத்துக்கொண்டிருந்தார், வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன. அப்போதுதான் வதனி முன்கண்ணாடியில் என்னைப் பார்த்து முதல் தரம் வாய் திறந்தாள்.

"அக்கா, வண்டி இறக்கத்திலை எப்பிடி நிக்கும் எண்டும் பாப்பீங்களோ?"

"என்ன இறக்கம்?"

"காசலுக்குக் கிட்ட. தெற்குக்குப் போகேக்கை வாற மலை."

"அன்ஹெங்கரை நீரோ ஓடுறது?"

"ஓம் அக்கா. அவருக்குச் சாதாரண லைசன்ஸ்தான். பெரிய அன்ஹெங்கருக்கு வேறை லைசன்ஸ் வேணும். நான்தான் சோதினை எடுத்தனான். முதல் தரம் பெயில். ரெண்டாந்தரம் பாஸ் பண்ணினன்."

இரண்டு பேரும் என் மேசைக்கு முன்னால் அவ்வளவு நேரம் இருந்தார்கள். ஓடுகிறவள் ஒருத்தி, கதைக்கிறவர் ஒருவர், யார் ஓடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. விற்பனைக்காரன் திறப்பைத் தூக்கித் தவராசாவிடம் கொடுத்தபோதும் அவள் பின் சீட்டில் பேசாமல் இருந்தாள்.

"அந்த இறக்கத்திலை என்ன நடந்தது?"

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். போன புரட்டாதியில் பழைய வானோடு இறங்கியிருக்கிறாள். பிரேக் மிதி மெல்ல மெல்ல ஆழத்துக்குப் போகத் தொடங்கியதாம். எரிந்த மணம். பின்னால் மூன்று தொன் அவளைத் தள்ளிக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டில் ஏழு வயது மகள் நித்திரை. தவராசா பூவோடும் சேலைகளோடும் காரில் முன்னுக்குப் போய்விட்டார், கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

"ரெண்டாம் கியருக்குப் போட்டு, லொறி ஓடுற ஓரப் பாதையிலை ஊர்ந்து ஊர்ந்து இறங்கினன் அக்கா. பின்னாலை வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடிச்சான், நான் பாக்கேல்லை. கீழை வந்து ஓரமா நிப்பாட்டினன். பிள்ளை எழும்பிப் பசிக்குது எண்டாள்."

"மனிசனுக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னால், உமக்குப் பயமெண்டால் வேறை ஆளைப் பிடிக்கிறன் எண்டுவார். பிறகு நான் வீட்டிலைதான். எனக்கு ஓட விருப்பம் அக்கா. அந்த இறக்கம் ஒண்டுதான்."

தவராசா சிரித்துக்கொண்டே வந்து ஏறினார். கனடாவிலிருந்து மாமா வாழ்த்துச் சொன்னாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த எலுமிச்சம்பழம் நாலையும் அவர் வாய்க்குள் திணித்திருப்பேன். அவர்மேல் மட்டுமில்லை. இத்தனை வருடமாக என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் ஏற்றத்தில் எப்படி இழுக்கும், எத்தனை குதிரைவலு, எவ்வளவு கெதியாகப் பறக்கும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இறக்கத்தில் எப்படி நிற்கும் என்று கேட்ட முதல் ஆள் இவள். ஏற்றத்தில் எஞ்சினுக்குப் பலம் காணாவிட்டால் வண்டி மெதுவாகப் போகும், பின்னால் வருகிறவன் திட்டுவான், அவ்வளவுதான். இறக்கத்தில் காணாவிட்டால் என்ன நடக்கும் என்று எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள்.

சனிக்கிழமை விடிய நாங்கள் போனபோது பொனற்றில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்தப் பனியைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோசத்தை என்ன சொல்ல. விற்பனைக்காரன் வந்திருக்கவில்லை. கேற்றைத் திறந்த வேலையாளிடம் திறப்பை வாங்கி வதனியிடம் கொடுத்தேன். "ஸ்ராட் பண்ணும்."

எஞ்சின் எழும்பியது. டக், டக், டக், டக். வலது பக்கத்திலிருந்து, நிறுத்தாமல், யாரோ உள்ளே இருந்து கதவைத் தட்டுகிற மாதிரி. தவராசாவின் முகம் மாறியது. எஞ்சின் சூடேறச் சூடேற அந்தச் சத்தம் மெல்லத் தேய்ந்து காணாமல் போனது. வியாழக்கிழமை பத்தரைக்கு நாங்கள் கேட்டது சத்தம் தேய்ந்து அடங்கிய பிறகு உள்ள இந்த எஞ்சினைத்தான்.

விற்பனைக்காரன் அரக்கப்பரக்க வந்து சேர்ந்தான். எட்டுச் சிலிண்டர் எல்லாம் குளிரில் அப்படித்தான் என்றான். சிலது அப்படித்தான், நான் மறுக்கவில்லை. புகைக்குழாய் பொருந்துகிற இடத்தில் ஒரு ஆணி உடைந்திருந்தாலும் அந்தச் சத்தம் வரும், அது பெரிய காரியம் இல்லை. உள்ளே வால்வைத் தூக்குகிற உருளை தேய்ந்திருந்தாலும் அதே சத்தம்தான் வரும், அப்படியென்றால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். இரண்டையும் காதால் பிரித்தறிய என்னால் முடியாது, முடியும் என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். மேல் மூடியைக் கழற்றிப் பார்க்கிறோம், கூலி எங்களுடையது என்றேன். விடமாட்டேன் என்றான். இதற்குப் பிறகும் பார்க்க என்ன இருக்கிறது?

தவராசாவுக்கு இன்னும் இருந்தது. "சின்னச் சத்தம்தானே அக்கா. படமும் போட்டாச்சு. கனடா மாமாவும் வாழ்த்துச் சொல்லிட்டார். இப்ப வேண்டாம் எண்டால் சனம் சிரிக்கும்."

"அப்ப கனடா மாமாவை வந்து எஞ்சினைக் கழட்டச் சொல்லுங்கோ."

"இல்லை அக்கா, திங்கட்கிழமை காலமை வந்து எடுத்தால்..."

"நான் இதை ஓடமாட்டன்" என்றாள் வதனி.

அவர் திரும்பினார். "என்ன?"

"இந்த வண்டியிலை நான் கை வைக்கமாட்டன். வாங்கினால் நீங்கள்தான் அன்ஹெங்கரைக் கொழுவி ஓடவேணும்."

அதற்கு அவரிடம் லைசன்ஸ் இல்லை. கறுப்பு வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வதனி திறப்பை விற்பனைக்காரனின் கையில் வைத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டாள். இரண்டு மணிக்காரனை நான் சுகம் கேட்டதாகச் சொல் என்று அவனிடம் சொல்லிவிட்டு நானும் ஏறினேன்.

மறுகிழமை நான் வேறொன்றைக் கண்டுபிடித்தேன். லூனெபூர்க் பக்கத்து வெளியில் ஒரு ஜெர்மன் பெண் குதிரைப் பெட்டி இழுக்க வைத்திருந்த வெள்ளைப் பிக்கப். அதுவும் முழு அளவுதான், பழையதுதான், ஆனால் ஆறு சிலிண்டர் டீசல். குரோமும் இல்லை, கூச்சலும் இல்லை. வேக மிதியிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சினே புகையை மறித்து வண்டியை இழுத்துப் பிடிக்கிற பிரேக் அதில் இருந்தது. பத்திரத்திலும் கார் என்றுதான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைத் தொல்லை இல்லை. எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டேன். எப்போதும் வீட்டில்தான் இருப்பேன், விரும்பிய நேரம் வா என்றாள். போய்ப் பொனற்றைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. எழுப்பினோம், அது தன் பாட்டில் முனகிக்கொண்டு நின்றது. பிறகு அந்தப் பெண்ணுக்குக் கை கொடுத்தேன். குதிரை நின்றுகொண்டு வருகிறபடியால் ஒரு நாளும் சடாரென்று பிரேக் அடித்ததில்லை என்றாள். பழையது வாங்குகிறவனுக்கு இப்படி ஒரு குணம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

தவராசாவுக்குப் பிடிக்கவில்லை. மூக்கைச் சுளித்தார். "மணவறை ஏத்துற வண்டியிலை குதிரை நாத்தமோ?"

"உங்கடை மணவறையிலை ரெண்டு யானை நிக்குது. குதிரை என்ன பாவம் செய்தது?"

"வெள்ளை... ஆஸ்பத்திரி வண்டி மாதிரிக் கிடக்கு அக்கா."

"மற்றதை வாங்கியிருந்தால் ஆஸ்பத்திரி வண்டியிலைதான் வந்திருப்பீங்கள்."

எனக்கு இது மட்டும் போதாது. அவர்களுடைய அன்ஹெங்கரை முழுதாக ஏற்றிக் கொண்டுவரச் செய்தேன், அந்தப் பெண்ணையும் சம்மதிக்கவைத்து ஹார்புர்க் மேட்டுப் பக்கம் கூட்டிப்போனேன். காசல் மலைக்கு முன்னால் அது ஒரு புற்றுத்தான், ஆனாலும் ஹம்பேர்க்காரருக்குக் கிடைக்கிற மலை அதுதான். வதனி ஸ்டியரிங்கில், பக்கத்தில் வண்டிக்காரி, பின் சீட்டில் நானும் தவராசாவும். தன் மனைவி அன்ஹெங்கர் ஓடுவதைப் பின்னால் இருந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தரம் என்று பிறகு தெரிந்தது. அவர் எப்போதும் பூவோடு முன்னால் போகிறவர்.

உச்சியில் வதனியின் தோள் இரண்டும் இறுகி ஏறி நின்றன. இறங்கத் தொடங்கியதும் அவளுடைய கால் பிரேக்குக்குப் போனது.

"காலை எடும் பிள்ளை" என்றேன்.

"அக்கா..."

"எடும். நான் சொல்லுறன்."

எடுத்தாள். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எஞ்சின் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்தது. மூன்று தொன்னும் பின்னால் அடக்கமாக வந்தது. வதனி இரண்டு தரம் மட்டும் பிரேக்கைத் தொட்டாள். அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தி, கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

"இது என்னைத் தள்ளேல்லை அக்கா" என்றாள்.

தவராசா முன்னுக்குச் சாய்ந்தார். "எது தள்ளினது?"

அவள் சொன்னாள். எரிந்த மணம், ஆழத்துக்குப் போன மிதி, ஹோர்ன் அடித்த லொறி, நித்திரையாக இருந்த மகள். ஜெர்மன் பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் அவள் கதவுப் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயே திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றார் தவராசா.

"ஒரு நாளாவது கேட்டனீங்களோ?"

எனக்கு அந்த மனிதர்மேல் முதல் தரம் இரக்கம் வந்தது. கெட்டவர் இல்லை, எல்லாவற்றையும் பஞ்சாங்கத்திடமும் மாமாவிடமும் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவளை மட்டும் கேட்க மறந்தவர். நீங்கள் பார்க்கப் போகிறவர்களில் பாதிப்பேர் இவர்தான். ஆகவே ஸ்பானரைத் தொடுமுன் கேளுங்கள், யார் ஓடுவது என்று. அந்த ஆள் மேசைக்கு எந்தப் பக்கத்தில் இருந்தாலும் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

எல்லோரும் இறங்கினோம். வதனி வண்டிக்காரியிடம் விலையைத் திரும்ப ஒரு தரம் கேட்டு, சரி என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். தவராசா பழக்கதோசத்தில் கைபேசியை எடுத்து நேரம் பார்த்தார். அது ராகு காலம். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கும் கொண்டுவந்திருந்த எலுமிச்சம்பழப் பையைத் திறந்தபடி தயங்கிக்கொண்டு நின்றார்.

"எலுமிச்சம்பழத்தை வையுங்கோ" என்றாள் வதனி. "நேரத்தை நான் சொல்லுறன்."

அவர் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். வெள்ளைச் சட்டையோடு சேற்றில் முழங்கால் ஊன்றி, ஒவ்வொரு சில்லுக்கு முன்னாலும் ஒவ்வொன்றாக நாலு பழத்தையும் வைத்தார். எழும்பி ஓரமாக வந்து நின்றார். வதனி ஏறி இருந்து, சீட்டைத் தனக்கு அளவாக முன்னுக்கு இழுத்து, பக்கக் கண்ணாடியில் பின்னால் அன்ஹெங்கரைப் பார்த்தாள்.

"இப்ப" என்றாள்.